உடலோம்பும் தொழில்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"இளைஞர்க்குப் பயன்படும் தொழில் ஒன்றைக் குறித்துப் பேசுக, இம்முறை இலக்கியம் வேண்டா" என்று நமது சங்கத்தார் எனக்குச் சொல்லியனுப்பினார்கள். இருபதாண்டுகளாக இலக்கண இலக்கியங்களையன்றி வேறொன்றும் பாடஞ் சொல்லி அறியாத யான், இக்கட்டளை கேட்டு முதலில் அஞ்சினேன். பின்னர், ஒரு தொழிலைப் பற்றி இவ்வவையில் சொல்ல எனக்கு ஒரு கடன் உண்டு என்பது நினைவிற்கு வந்தது. அத்தொழிலில் இறங்க எண்ணிய ஒரு பிள்ளைக்கு யான் தவறான அறிவுரை கூறினேன். அதனைச் சொல்லியே தொடங்குகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் பயின்ற மாணாக்கன் ஒருவன் ஒரு மாலைப் பொழுதில் என் இல்லத்திற்கு வந்தான். உடற்கல்வியில் பட்டம் பெற்று, நகரத்துத் தேகப்பயிற்சிச் சாலை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே தனியாகப் பயிற்சி பெறுவோர் தரும் கட்டணத்தில் பாதியும் அவன் கைக்கு வருவதில்லை. "ஐயா, தனியே நின்று இத்தொழிலை நடத்தலாம் என்று எண்ணுகின்றேன். தங்கள் கருத்து என்ன?" என்று கேட்டான். யான் சிறிதும் ஆராயாமல், "தம்பி, அரசாங்கத் தேர்வு எழுது. பிறர் கையைக் காலை நீட்டி மடக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் ஒரு தொழிலா?" என்றேன். அவன் மறுமொழி கூறாது வணங்கிச் சென்றான்.

ஈராண்டு கழிந்தது. என் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பதைக் கண்ட மருத்துவர், மருந்தோடு தேகப்பயிற்சியும் இன்றியமையாதது என்றார். என் மனைவியார் யாரை அழைத்தார் தெரியுமோ? அதே மாணாக்கனைத்தான். அவன் என் சொல்லைக் கேளாமல் தொழிலைத் தொடங்கியிருந்தான். காலை 5.30 மணிக்கு ஒரு நாளும் பிந்தாமல் வந்தான். ஆசிரியனாகிய யானோ, "நம் பிள்ளைதானே" என்ற எண்ணத்தால், மூன்று திங்கள் கட்டணத்தில் பாதியே கொடுத்தேன். அதனையும் காலந்தாழ்த்தே கொடுத்தேன். ஒரு நாள் அவன் மறந்து வைத்துச் சென்ற குறிப்பேட்டைப் புரட்டினேன். என் இடுப்பின் சுற்றளவு, நாடித்துடிப்பு, ஒவ்வொரு நாளும் செய்த பயிற்சி எல்லாம் முத்து முத்தாய் எழுதப்பட்டிருந்தன. கடைசிப் பக்கத்தில் யான் தரவேண்டிய பாக்கியும் இருந்தது. அவன் ஒரு நாளும் அதனைக் கேட்டதில்லை. அன்று எனக்குண்டான நாணம் இன்னும் தீரவில்லை. அக்குறிப்பேடே இன்றைய என் சொற்பொழிவிற்கு மூலநூல் எனக் கொள்க.

இத்தொழிலை நகரங்களில் பெர்சனல் டிரெயினர் வேலை என்பர். யான் தனிப்பயிற்சி ஆசிரியர் தொழில் என்பேன். இது புதிதாக முளைத்ததன்று. நம் ஊர்களில் சிலம்பம் கற்பித்த ஆசான்மார் யாவர்? ஒவ்வொரு பிள்ளையின் உயரமும் வலியும் பார்த்துப் பாடம் கொடுத்த தனிப்பயிற்சி ஆசிரியரே யன்றோ! ஆயினும், வெற்றிலை பாக்கில் வைத்துத் தந்ததைப் பெற்றுக்கொண்டு, இவ்வளவு வேண்டும் என்று வாய்திறவாதிருந்த ஆசான்மார் பலர் வறுமையிலேயே வாழ்ந்து மறைந்தனர். கலை இருந்தது, கணக்கு இல்லை. இதனை இளைஞர்கள் மனத்திற் கொள்வார்களாக.

கணக்கோடு நடத்தினாரும் உளர். பிரஷ்ய நாட்டில் 1867-இல் பிறந்த யூஜின் சாண்டோ என்பார், மேடைகளில் தம் வலிமையைக் காட்டிப் புகழ்பெற்றபின், 1897-இல் இலண்டன் மாநகரில் பயிற்சிச் சாலை ஒன்றை நிறுவினார். மாணாக்கரின் உடல் அளவுகளைக் குறித்து வைத்து வளர்ச்சியைக் காட்டுவது அவர் முறை. அவர் 1904, 1905-ஆம் ஆண்டுகளில் நம் நாட்டிற்கும் வந்து சென்றார். பெங்களூரில் கே. வி. ஐயர் அவர்கள் ஹெர்குலீஸ் என்ற பெயரால் தேகப்பயிற்சிச் சாலை நடத்தியதோடு, அஞ்சல் வழியாகவும் பாடம் அனுப்பி வெளியூராரையும் மாணாக்கராக்கினார். யோகாசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் மைசூரில் நெடுங்காலம் கற்பித்தபின் சென்னையில் வந்து தங்கி, வருபவரின் வயதும் நோயும் தொழிலும் அறிந்து ஒவ்வொருவர்க்கும் வெவ்வேறாகப் பாடம் வகுத்தார். இம்மூவர் வழியும் வேறு வேறு. ஆயினும் எதிரே நிற்கும் மனிதனை அளந்தறிந்து கற்பிப்பதே இத்தொழிலின் உயிர்நிலை என்பது இம்மூவரிடத்தும் விளங்கும். திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் கருதியே மருத்துவன் செய்க என்கின்றார். பயிற்சி ஆசிரியர்க்கும் அதுவே விதி.

இத்தொழிலுக்கு இக்காலத்தில் தேவை உண்டோ எனின், மிக உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 1923-க்குச் சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து, அஃதாவது 2023-இல் வெளியான ஆய்வொன்று, நம் நாட்டில் நீரிழிவு உடையார் ஏறக்குறைய 10 கோடியே 10 இலட்சம் பேர் என்றும், அதன் வாயிலில் நிற்பார் 13 கோடியே 60 இலட்சம் பேர் என்றும் கணித்தது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த நெறியின்படி, வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை நடுத்தர உழைப்புள்ள பயிற்சியும், வாரம் இரண்டு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்தல் வேண்டும். 65 வயது கடந்தோர் தடுமாறி விழாதிருக்கும் பொருட்டு வாரம் மூன்று நாள் நிலைதவறாப் பயிற்சியும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவ்வவையில் எத்துணைப் பேர் இதனைச் செய்கின்றோம்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். செய்ய வேண்டும் என்று அறிந்தும் செய்யாதிருப்பவரைக் கைப்பிடித்துச் செய்விப்பவனுக்கு வேலை இல்லாது போமோ?

இனி, தொழிலில் இறங்குவார் செய்யத்தக்கன இவை என ஒவ்வொன்றாகச் சொல்வேன்.

முதலாவது கல்வி. தன் உடம்பு திரண்டிருப்பது பிறர்க்குக் கற்பிக்கும் தகுதி ஆகாது. நன்றாக உண்பவன் எல்லாம் சமையற்காரன் ஆவதில்லை. சென்னையில் ஹாரி குரோ பக் என்பார் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.ஸி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இன்றும் நடைபெறுகின்றது. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் 2005 முதல் இயங்கி வருகின்றது. பட்டம் பெற இயலாதார்க்குக் குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்புகளும் உள. எதில் சேரினும், எலும்பும் தசையும் இயங்கும் முறை, பயிற்சியைப் படிப்படியாக உயர்த்தும் முறை, முதலுதவி ஆகிய மூன்றும் அதில் உண்டோ எனப் பார்த்தே சேர்க. நின்ற நெஞ்சினை மீட்டும் இயக்க, மார்பின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும் என்பதைக் கையால் பழகாதவன் பிறர் உடம்பைத் தொடாதிருப்பதே அறம்.

இரண்டாவது எல்லையறிதல். புதிதாக வருபவரிடம் முதல் நாளே பயிற்சி தொடங்கலாகாது. நெஞ்சு நோய் உண்டோ, உழைக்கும்போது மார்பில் வலி வருமோ, தலைசுற்றி விழுந்ததுண்டோ, மூட்டில் குறை உண்டோ, இரத்த அழுத்தத்திற்கு மருந்து உண்பவரோ என்று வினவும் 7 வினாக்கள் அடங்கிய படிவம் ஒன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. அதில் ஒன்றற்கு ஆம் என்று விடை வரினும் மருத்துவரிடம் அனுப்பி, அவர் எழுதித் தந்த பின்னரே தொடங்குக. இன்சுலின் போடுவார்க்குப் பயிற்சியினிடையே சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருதல் கூடும். ஆதலின் பையில் எப்போதும் சர்க்கரை இருத்தல் வேண்டும். நம் பழைய ஆயுர்வேத நூலார், ஒருவன் தன் வலிமையில் பாதியளவே பயிற்சி செய்க என்று வரையறுத்தனர். அவ்வரையறையை மறந்து முதல் நாளே அளவிறந்து செய்வித்தால், தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குவதும் உண்டு. மறுநாள் ஒருவர் சிறுநீர் தேநீர் நிறமாயிற்று என்றால், "அது வழக்கம்தான்" என்று சொல்லாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புக. மருந்து எழுதித் தருதலும், தசை வளர்க்கும் ஊசிகளை விற்றலும் இத்தொழிலைச் சேர்ந்தன அல்ல. அவற்றில் கைவைத்தவன் பிறர் உடலையும் கெடுத்துத் தன் பெயரையும் கெடுத்துக்கொள்வான்.

மூன்றாவது கணக்கு. இத்தொழிலுக்குப் பெருமுதல் வேண்டா. விரிப்பு ஒன்று, இழுக்கும் ரப்பர்ப் பட்டைகள் சில, இரண்டு மூன்று இணை டம்பெல்கள், அளவு நாடா, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். தொடக்கத்திலேயே கடன் வாங்கிக் கட்டடம் பிடித்து இயந்திரங்களை நிரப்புதல், நீந்த அறியுமுன் நடுவாற்றில் குதிப்பதை ஒக்கும். மாணாக்கர் பெருகிய பின்னர் இடம் வேண்டின், 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை சிறு கடனும், அதற்கு மேலும் படிப்படியாகக் கடனும் வங்கிகளில் பெறலாம். உத்யம் என்னும் சிறுதொழிற் பதிவினை அரசாங்கத்தின் இணையதளத்தில் கட்டணமின்றி நாமே செய்துகொள்ளலாம். அதற்கெனப் பணம் கேட்கும் தரகரை நம்பற்க.

வருவாயையும் எண்ணிப் பார்ப்போம். கணக்கின் பொருட்டு ஒரு பாடத்திற்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மக்கள் பயிற்சிக்கு ஒதுக்கும் பொழுது விடியற்காலையும் மாலையுமே. ஆதலின் காலையில் மூன்று, மாலையில் இரண்டு எனப் பாடங்கள் ஐந்திற்கு மேல் நடத்துதல் அரிது. வாரத்தில் ஆறு நாளுக்கு 30 பாடம் ஆகும். ஒருவர்க்கு வாரம் மூன்று பாடமாயின் பத்து மாணாக்கர்க்கே இடம் உண்டு. பத்தும் எந்நாளும் நிரம்பியிரா. ஏழு பேர் எனக் கொள்க. திங்களுக்கு ஒருவர்க்குப் 12 பாடம், 4,800 ரூபாய். எழுவர்க்கு 33,600 ரூபாய். பெட்ரோல், தொலைபேசி, கருவிகள், காப்பீடு ஆகியவற்றிற்கு 6,000 கழித்தால் 27,600 நிற்கும். அதில் ஆறிலொரு பங்காகிய 4,600 ரூபாயைத் தொடாமல் எடுத்து வைத்தல் வேண்டும். ஏனெனில் கோடை விடுமுறையிலும் தீபாவளித் திங்களிலும் பிள்ளைகளின் தேர்வுக் காலத்திலும் மாணாக்கர் குறைவர். பயிற்றுவிப்பவன் காய்ச்சலில் படுத்தால் அன்றைய வருவாய் அன்றே நின்றுவிடும். எஞ்சுவது 23,000. இது குபேர சம்பத்து அன்று; ஆயினும் எவர்க்கும் கைகட்டி நில்லாத வருவாய்.

இக்கணக்கில் ஓட்டை விழும் இடங்கள் மூன்று. நகரின் மூன்று மூலைகளில் மூன்று மாணாக்கரை வைத்துக்கொண்டால் பொழுதெல்லாம் சாலையிலே கழியும்; ஒரே தெருவில் மூவர் கிடைப்பின் அதுவே ஊதியம். அடுத்து, கட்டணத்தைத் திங்கள் தொடக்கத்திலேயே பெறுதல் வேண்டும். முதல் நாளே சொல்லாமல் தவறவிட்ட பாடம் நடந்த பாடமாகவே கொள்ளப்படும் என்பதனை எழுத்தில் கொடுத்துவிடுக. எழுத்தில் இருப்பின் மனத்தாங்கல் இராது. மூன்றாவது, வீட்டுப் பணமும் தொழிற் பணமும் ஒரு பையில் கலத்தலாகாது. தனி வங்கிக் கணக்கும் பற்றுச்சீட்டும் வேண்டும். ஆண்டு வரவு 20 இலட்சம் ரூபாயைத் தாண்டும் வரை சரக்கு சேவை வரிக்குப் பதிவு செய்ய வேண்டுவதில்லை. எனினும் வருமான வரிக் கணக்கை ஆண்டுதோறும் செலுத்தி வருவானாயின், பின்னர் வங்கியில் கடன் கேட்கும் நாளில் அதுவே அவனுக்குச் சாட்சி சொல்லும்.

நான்காவது விளம்பரம். "முப்பது நாளில் பத்துக் கிலோ குறைப்போம்" என்று சுவரில் ஒட்டுவாரைக் காண்கின்றோம். வாரத்திற்கு அரை முதல் ஒரு கிலோ வரை குறைதலே உடலுக்குத் தீங்கில்லாத அளவு. அதற்கு மேல் வாக்களிப்பவன் ஒன்று பொய்யனாவான். அன்றி, தன் வாக்கை மெய்யாக்க மாணாக்கரைப் பட்டினி போட்டு நோயாளியாக்குவான். நல்ல விளம்பரம் எது எனின், பயின்றவரின் நடையே. முப்பது வினாடியில் நாற்காலியினின்று கைபிடியாமல் எத்தனை முறை எழுகின்றார், மூச்சு வாங்காமல் எத்தனை படி ஏறுகின்றார், இடுப்பின் சுற்றளவு எவ்வளவு என்பவற்றை முதல் நாளும் திங்கள்தோறும் அளந்து அவரிடமே காட்டுக. அவர் அதனைத் தம் அண்டை வீட்டாரிடம் சொல்லாமல் இரார். என் மாணாக்கனுக்கு வந்தோரிற் பெரும்பாலார் இங்ஙனம் வந்தவர்களே.

இதனோடு செய்யத்தக்க பிறவும் உள. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதுகுவலியைப் பற்றி அரைமணி நேரம் இலவசமாகப் பேசி, எளிய பயிற்சி நான்கு காட்டுக. அக்கம்பக்கத்து மருத்துவர்களைக் கண்டு, தான் எதனைச் செய்வான், எதனைச் செய்யான் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க. கூகுள் வரைபடத்தில் தொழிற் பெயரும் நேரமும் இடம்பெறச் செய்க, அதற்குச் செலவில்லை. கைப்பேசியில் ஒரு நிமிடப் படம் எடுத்து வாரம் இரண்டு முறை வெளியிடுக. அதில் தன் தோளையும் மார்பையும் காட்டுவதை விட்டு, முழங்கால் வலியுடைய முதியவர் எங்ஙனம் உட்கார்ந்து எழலாம் என்று காட்டினால், பார்ப்பவர் தம் தாய்க்கென்று அழைப்பர். மாணாக்கரின் படத்தையோ நோயையோ அவர் எழுதித் தந்த இசைவின்றி வெளியிடுதல் பெருங்குற்றம். ஒருவர் தம் உடலின் குறையை நம்மிடம் சொல்வது நம்பிக்கையால். அந்நம்பிக்கையே இத்தொழிலின் முதல்; அது போயின் ஒன்றும் இல்லை.

தாய்மார்களுக்குத் தனியே ஒரு சொல். நம் பெண்களுள் ஆடவரிடம் பயிற்சி பெறக் கூசுவார் பலர். பிள்ளைப்பேற்றிற்குப் பின் உடல் தளர்ந்தோரும், மாதவிலக்கு நின்ற வயதில் எலும்பு மெலிந்தோரும் தமக்குப் பயிற்சி தருவார் இன்றித் தவிக்கின்றனர். இத்துறையில் பட்டம் பெற்ற நம் பெண் மக்களோ, "விளையாட்டுப் படிப்பு" என்று ஏளனம் செய்யப்பட்டு, மணமானதும் வீட்டோடு நிறுத்தப்படுகின்றனர். இருவர் குறையும் ஒருங்கே தீர வழி இருக்க, இடையில் நிற்பது நம் பழைய எண்ணமே. வெளியூர் செல்லாமல், தன் தெருவிலேயே, காலை இரண்டு மணி நேரத்தில் ஒரு பெண் இதனை நடத்தலாம்.

இறுதியாகப் பெரியோர்களுக்கு என் விண்ணப்பம். நமது சங்கம் நம் பிள்ளைகளைக் கைதூக்கிவிட ஏற்பட்டது. ஆயினும் நம் பிள்ளை ஒருவன் தொழில் தொடங்கினால் அவனிடம் முதலில் நாம் கேட்பது என்ன? "நமக்குள் என்ன கட்டணம்?" என்பதுதானே! அயலார் கடையில் கேட்ட விலை கொடுக்கும் நாம், உறவினன் கடையில் உறவையே விலையாகக் கொடுக்கின்றோம். யானும் அவ்வாறு செய்தவனாதலின் இதனைச் சொல்லும் உரிமையும் கடமையும் எனக்கு உண்டு. அவன் பாக்கியை முழுதும் கொடுத்துத் தீர்த்த நாளில், "ஐயா, தாங்கள் தரவேண்டும் என்று யான் எண்ணவில்லை" என்றான். "எண்ணாதது உன் பெருந்தன்மை, தம்பி, தராதது என் சிறுமை" என்றேன். அன்று முதல் என் உறவினர் நால்வரை அவனிடம் சேர்ப்பித்திருக்கின்றேன்; நால்வரும் முழுக்கட்டணம் செலுத்துகின்றனர்.

இளைஞர்களே, நீங்களும் நம்மவரை மட்டும் நம்பித் தொழிலை நடத்தற்க. ஊர் முழுவதும் உங்கள் களம். எக்குலத்தார் உடம்பிலும் எலும்பின் எண்ணிக்கை ஒன்றே. எம்மதத்தார்க்கும் முழங்கால் ஒருபடியே வலிக்கின்றது.

சங்கத்தார்க்கு யான் வேண்டுவன மூன்று. கல்வி நிதியிலிருந்து ஆண்டுதோறும் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் சான்றிதழ்ப் படிப்பிற்கு உதவுக. திருமண நாட்களல்லாத காலைகளில் வெறுமனே பூட்டிக் கிடக்கும் நம் மண்டபத்தைச் சிறு வாடகைக்கு இவர்கட்கு அளிக்க. அங்குப் பயிலும் நாம் ஒவ்வொருவரும், தலைவர் முதலாக, திங்கள் முதல் தேதியில் முழுக்கட்டணம் செலுத்துக. இம்மூன்றும் நிறைவேறின், என் போல் அறிவுரை கூறும் ஆசிரியர் நூற்றுவர் இருப்பினும் நம் பிள்ளைகட்குக் கேடு வாராது.